கதவுக்கு வெளியே கொஞ்ச தூரம்

உனக்கு,

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரப்போகிறார்கள், பீரோவின் மேல்தட்டைக் காலி செய்து வையுங்கள் என்று நம் மகள் போனிலேயே உத்தரவு போட்டாள். ஸ்டூல் போட்டு ஏறினேன். ஏறாதீங்க என்று நீ சமையலறையிலிருந்து கத்துவது போலவே இருந்தது. கத்தினாலும் ஏறுகிறவன்தானே நான். உன் பட்டுப்புடவைகளுக்கு அடியில், நூல் கட்டிய ஒரு காகிதக் கட்டு. நீ கல்லூரியில் நடித்த அந்த ஆங்கில நாடகத்தின் தட்டச்சுப் பிரதி. நூலை அவிழ்த்ததும் உள்ளேயிருந்து என்னவோ நழுவித் தரையில் விழுந்தது. இறங்கிக் குனிந்து எடுத்தேன். பழைய ரயில் அட்டை டிக்கெட். அரக்கோணத்திலிருந்து காட்பாடி. ஒரு மூலை நைந்திருந்தது. அதன் மேல் உங்கள் நாடகத்துக்காகக் குத்திய ஊதா முத்திரை மூன்று, ஒன்றின் மேல் ஒன்றாக.

அன்றைக்கு வேறு எதையும் நான் காலி செய்யவில்லை.

அரக்கோணம் ஸ்டேஷனில் உன் அப்பா டிக்கெட் கொடுக்கிற குமாஸ்தா. நாடகத்துக்கு ஒரு டிக்கெட் வேண்டும் என்று நீ கேட்டதற்கு, யாரோ பயணம் போகாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதை எடுத்து வந்து தந்தார் என்று சொல்லியிருக்கிறாய். அது இங்கிலாந்தில் மேடையில் ஓடி, பிறகு கறுப்பு வெள்ளைப் படமாகவும் வந்த நாடகம். பெயரை எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நான் ஆங்கிலத்தில் எழுதினால் ஓரெழுத்தை விழுங்கிவிடுவேன், நீ சிவப்புப் பேனாவைத் தேடுவாய். நம் வீட்டில் 'அந்தப் படம்' என்றால் அது ஒன்றுதான், அப்படியே இருக்கட்டும்.

கதை நாலு வரிதான். ஒரு சின்னப் படகுத்துறை. டிக்கெட் கொடுக்கிற ஓர் அறை. மூடுபனி இறங்கி மூன்று நாள் படகு போகவில்லை. ஊருக்குப் புதியவளான ஒரு பெண் பெட்டியோடு அங்கே காத்திருக்கிறாள். அக்கரையில் அவளுக்கு நிச்சயமான ஒருவன் இருக்கிறான், நல்லவன்தான். படகு போகாததால் ஒவ்வொரு நாளும் அவள் டிக்கெட்டில் புதுத் தேதி முத்திரை குத்த வேண்டும். குத்துகிற குமாஸ்தா அதிகம் பேசாதவன். சன்னல் ஓரம் ஈரம் அடிக்கிறது என்று சாயங்காலம் தோறும் அவள் பெட்டியைத் தூக்கி உள்பக்கம் வைப்பான், அவ்வளவுதான். மூன்றாம் நாள் பனி விலகுகிறது. அவன் கடைசி முத்திரையைக் குத்துகிறான். அவள் போகிறாள். கதவு மூடுகிறது. நாடகம் அங்கேயே முடிந்துவிடும்.

இந்தக் கதையை எனக்கு நீ முதலில் சொன்னது நம் கல்யாணமாகி ஒரு வாரம் கழித்து. ஏன் சொன்னாய் என்பதற்கு, பெண் பார்க்க வந்த அன்று நடந்ததை எழுதியாக வேண்டும். நம் மகளுக்கு அது இன்னும் முழுசாகத் தெரியாது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. மேசை மேல் தோலை விரித்து, உள்ளங்கையால் தடவி, உண்ணிக் கடி, கீறல், கத்தி பட்ட இடம் எல்லாம் பார்த்து, பின்பக்கம் சாக்பீஸில் தரத்தை எழுதுகிற வேலை. பச்சைத் தோல் வாங்க மண்டிக்கும் போவேன். மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. விற்கிறவன் எதிரில் தோலைப் புகழக் கூடாது. நல்லா இருக்கு என்று வாய் தவறி வந்துவிட்டால் அங்கேயே விலை ஏறிவிடும். அதனால் மட்டமான தோலென்றால் பேசாமல் புரட்டித் தள்ளுவோம், சுமாரென்றால் 'பாக்கலாம்' என்போம். அப்படியே வாரிக் கொள்ளலாம் போலிருக்கிற முதல் தரத் தோலுக்கு, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை. 'போகும்.'

அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸில் உன் வீட்டுக் கூடம். நீ காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாய். உன் அப்பா மெதுவாகக் கேட்டார்.

"பொண்ணு புடிச்சிருக்கா தம்பி?"

என் வாழ்நாளில் அவ்வளவு பிடித்த எதையும் நான் பார்த்ததில்லை. முகம் தானாகவே கல்லாகிவிட்டது.

"போகும்ங்க" என்றேன்.

என் அம்மா என் தொடையில் கிள்ளினது இன்னும் வலிக்கிறது. உன் தாய்மாமா டம்ளரைத் தரையில் வைத்தார்.

"இன்னாங்க இது? பொண்ணு பாக்க வந்தீங்களா, தோல் பாக்க வந்தீங்களா?"

நான் எழுந்து போய்விடலாம் என்று செருப்பைத் தேடுகிற நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காத சிரிப்பு. திரையை விலக்கிக்கொண்டு நீயே வெளியே வந்து, "எனக்கு சம்மதம்பா" என்றாய். உன் மாமா உன்னையும் சேர்த்து முறைத்தார்.

கல்யாணமாகி ஒரு வாரம் கழித்து, ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்டேன். அப்போதுதான் அந்த நாடகத்தைச் சொன்னாய். பிறகு சொன்னாய், "அன்னைக்கு வாசல்ல செருப்ப வுட்டுட்டு உள்ள வரும்போது இன்னா பண்ணீங்க? என் செருப்புல வாரு பிஞ்சி கெடந்துச்சு. அத எடுத்து ஓட்டைல சொருகி அழுத்தி வெச்சீங்க. சன்னல்லேர்ந்து பாத்துட்டேன். பொட்டியத் தூக்கி உள்ள வெச்ச ஆளு இவுருதான்னு நெனைச்சேன்."

அது உன் செருப்பு என்றுகூட எனக்குத் தெரியாது. வார் பிய்ந்து கிடந்தால் கை சும்மா இருக்காது, தொழில் புத்தி. ஆனால் அதை உன்னிடம் சொல்லாமல் பெருமையாக இருந்துவிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன், போ.

படத்தை நாம் பார்க்கப் பல வருஷம் ஆயிற்று. அதற்குள் நீயும் எங்கள் கம்பெனியின் ஏற்றுமதி ஆபீசில் ஆங்கிலக் கடிதம் தட்டச்சு செய்கிற வேலைக்கு வந்திருந்தாய். ஷூக்களைப் பரிசோதிக்க வருஷத்துக்கு இரண்டு முறை ஓர் இங்கிலாந்துப் பெரியவர் வருவார். அவரிடம் கூச்சமே இல்லாமல் நீ அந்தப் படத்தைக் கேட்டாய். தன் அம்மா அதைப் பார்த்து அழுவார்கள் என்று அவர் சொன்னார். அடுத்த முறை வரும்போது பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே டிவிடியைச் சுற்றி எடுத்து வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரியாணிகூட ஆறிப்போயிற்று, நீ டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை.

எனக்கு ஆங்கிலம் பாதி புரியும், பாதி புரியாது. ஆனால் அந்தப் படத்துக்கு அந்தப் பாதியே போதும். ஒரே ஓர் அறையை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நம்மை நகரவிடாமல் உட்கார வைத்தார்களே, அது எப்பேர்ப்பட்ட வேலை! பனியைக் கறுப்பு வெள்ளையில் அப்படி எடுத்திருந்தார்கள். சன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது, ஆனால் ஒன்றுமே தெரியாததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதல் நாள் காமிரா தூரத்தில் நிற்கும். மூன்றாம் நாள் அவர்கள் மூச்சு படுகிற தூரத்தில். கடைசி முத்திரையைக் குத்தக் கையை ஓங்கினவன் அப்படியே நிற்பான். குத்தினால் அவள் போய்விடுவாள், குத்தாமல் இருக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. ஒரு வசனம் கிடையாது, இசை கிடையாது. என் கைதான் வியர்த்தது.

நான் பாதி நேரம் அந்தப் பெண்ணின் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல ஆட்டுக்குட்டித் தோல், மெல்லிசு, விரல் மடங்குகிற இடத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "மொகத்தப் பாருங்க" என்று என் தோளில் அடித்தாய். படம் முடிந்ததும் நான் சொன்னேன். முதல் இரண்டு நாளும் அவள் கையுறையோடுதான் டிக்கெட்டை நீட்டினாள். மூன்றாம் நாள் வெறும் கையால் நீட்டினாள்.

நீ என்னை ஒரு மாதிரிப் பார்த்தாய். ரிமோட்டை எடுத்து மூன்று இடத்தையும் திரும்பப் போட்டாய். பிறகு, "நாடகத்துல இது இல்ல. எடுத்தவன் சேர்த்திருக்கான். எனக்குத் தெரியலயே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றாய். அந்த ஒரு பாராட்டை வைத்துக்கொண்டு நான் ஒரு மாசம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் படத்தின் கடைசி இரண்டு நிமிஷம் உனக்கு ஆகவே ஆகாது. நாடகம் கதவோடு முடிகிறது. படத்தில் அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறான். பலகைத் துறையில் கடைசி வரைக்கும் நடக்கிறான். படகு போவது தெரிகிறது. அவன் கூப்பிடுவதில்லை, கை அசைப்பதும் இல்லை. வெறுமனே நிற்கிறான்.

"கதவு மூடினதோட முடிச்சிருக்கணும். வெளிய கேமராவுக்கு இன்னா வேல?" என்பாய்.

"பாவம், அந்த ஆளு கொஞ்ச தூரம் நடந்துட்டுப் போறான். உனக்கு இன்னா நஷ்டம்?" என்பேன்.

இந்தச் சண்டையை எத்தனை ஞாயிற்றுக்கிழமை போட்டிருப்போம் என்று கணக்கில்லை.

இப்போது எழுதக் கூசுகிற இடத்துக்கு வருகிறேன். கம்பெனி ஆண்டு விழாவுக்கு அந்த நாடகத்தை நீ தமிழில் எழுதினாய். படகுத்துறையைச் சின்ன ரயில் ஸ்டேஷனாக்கினாய். பனிக்குப் பதில் மழை, பாலாற்றில் வெள்ளம், மூன்று நாள் ரயில் இல்லை. தையல் செக்‌ஷன் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஷிப்ட் முடிந்த பிறகு இரண்டு மாதம் ஒத்திகை. குமாஸ்தாவாக நடித்த பெண்ணுக்கு உன் அப்பா டிக்கெட் கொடுக்கிற தோரணையைச் சொல்லிக் கொடுத்தாய். இதே அட்டை டிக்கெட்டைத்தான் அன்றும் முந்தானையில் முடிந்துகொண்டு மேடையேறினாய். எதுவும் தெரியாத மாதிரி நான் ஹாலின் கடைசியில் சுவரோரம் நின்றுகொண்டேன்.

முடிந்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை. உன் ஆபீசில் வேலை பார்க்கும் வாணியம்பாடிப் பெண், பர்தா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உன்னைக் கட்டிப்பிடித்தாள். "அக்கா, ரொம்ப பேஜார் பண்ணிட்டீங்க. கண்ணுல தண்ணி நிக்கவே மாட்டேங்குது" என்றாள். மேனேஜர் வந்து கை குலுக்கினார். நீ எல்லோரையும் தாண்டி என்னைத் தேடிக்கொண்டு வந்தாய். முகத்தில் அரிதாரம் வேர்வையில் கரைந்திருந்தது.

"எப்படி இருந்துச்சு?"

"போகும்" என்றேன்.

வழக்கம்போல் சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வரைக்கும் ஸ்கூட்டரில் பின்னால் ஆள் இருக்கிற சுவடே இல்லை. கதவைத் திறந்ததும் சொன்னாய்.

"நல்லா இருக்குன்னா தோலுக்குத்தான் வெல ஏறும். எனக்கு இன்னா வெல ஏறிடப் போவுது?"

நாலு நாள் நீ என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாய், ஆனால் நாடகத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் காகிதக் கட்டு அப்போதுதான் பீரோவின் மேல்தட்டுக்குப் போயிருக்க வேண்டும். நானும் எத்தனையோ தடவை சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். நீ அரிசி களைகிற போது, துணி மடிக்கிற போது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற போது. ஊரில் யார் பேச்சென்றாலும் நக்கல் அடிக்கத் தெரிந்த வாய்க்கு, பெண்டாட்டியிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வரவில்லை. அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் உன் இதய வால்வுக்கு அறுவை சிகிச்சை என்று முடிவான அன்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார், கடினம்தான், ஆனால் செய்யாமல் இருக்க முடியாது என்று. உள்ளே கொண்டுபோகிற நாள் காலையில், நகையெல்லாம் கழற்ற வேண்டும் என்றாள் நர்ஸ். வளையல், தோடு, தாலிச் சரடு எல்லாவற்றையும் என் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டேன். மகள் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள். நீ கட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தாய்.

"அந்த நாடகம் நெஜமா எப்படிங்க இருந்துச்சு? இப்பயாவது சொல்லுங்க."

பன்னிரண்டு வருஷம் கேட்காமல் வைத்திருந்திருக்கிறாய். எனக்கு அப்போதுதான் அது தெரிந்தது.

சொன்னேன். படம் எடுத்தவன் கையுறையை வைத்துச் செய்ததை, நீ கையுறை இல்லாத நம் ஊருக்கு எப்படி மாற்றினாய் என்று பார்த்ததைச் சொன்னேன். முதல் இரண்டு நாளும் முந்தானை முடிச்சை அவிழ்த்து டிக்கெட்டைப் பலகை மேல் வைத்தாய். மூன்றாம் நாள் குமாஸ்தாவின் கையில் கொடுத்தாய். நான் கண்டுபிடித்துச் சொன்னதைத்தான் எனக்காக அங்கே வைத்திருக்கிறாய் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது என்றேன். சுவரோரம் நின்று அழுதேன், யாரும் பார்க்கக் கூடாதென்று விளக்குப் போடுவதற்குள் வெளியே குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தேன் என்றேன். இந்த ஹாலில் இத்தனை பேர் பார்க்கிற இவள் என் வீட்டுக்காரி என்று கத்த வேண்டும் போல் இருந்தது என்றேன். ரொம்ப நல்லா இருந்துச்சு, நீ ரொம்ப நல்லா நடிச்ச, அரக்கோணத்துல காபி குடுத்த அன்னிலேர்ந்தே நீ எனக்கு ரொம்பப் புடிக்கும் என்றேன். பக்கத்துக் கட்டில் அம்மா திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

நீ கண்ணை மூடாமல் எல்லாவற்றையும் கேட்டாய். கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. தள்ளுகட்டிலை எடுத்து வந்தார்கள். படுக்க வைத்ததும், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்துச் சொன்னாய்.

"போகும்."

நாம் இரண்டு பேரும் சிரித்ததைப் பார்த்து அந்த ஆஸ்பத்திரி ஆள் என்ன நினைத்தாரோ. ஆபரேஷன் தியேட்டர் கதவு இரண்டு பக்கமும் ஆடி, மூடிக்கொண்டது.

நாலு நாள் கழித்து, கண் திறக்காமலே போய்விட்டாய். டாக்டர்கள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எனக்கு நீ போனது அந்தக் கதவில்தான். மூடின பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கால் தானாக நடந்தது. படியிறங்கி, வராந்தா முழுக்க நடந்து, வாசலைத் தாண்டி, பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போய்விட்டேன். கையில் வளையல் முடிந்த கைக்குட்டை. எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. காட்பாடி, காட்பாடி என்று கூவின கண்டக்டர், "இன்னா பெரியவரே, ஏர்றீங்களா இல்லியா?" என்று கேட்டபோதுதான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது.

அதனால் நம் ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில் இன்று நான் ஜெயித்துவிட்டதாக அறிவிக்கிறேன். மேடைக்கு உன் கதவு சரி. போகிறவளுக்குக் கதவோடு முடிந்துவிடும். மூடின கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன் கொஞ்ச தூரம் நடந்தே ஆக வேண்டியிருக்கிறது, அதைப் படம் எடுத்தவன் தெரிந்து வைத்திருக்கிறான். மறுத்துப் பேச நீ இல்லாமல் ஜெயித்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

போன ஞாயிறு மகள் வந்திருந்தாள். டிக்கெட்டைக் காட்டினேன். படத்தைப் போடச் சொல்லி இருவரும் பார்த்தோம். அவன் பலகைத் துறையின் முனையில் போய் நின்றபோது, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தோம். கத்திரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள், உன் கைப்பக்குவம் பாதி வந்திருந்தது. நான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

நன்றாகத்தான் இருக்கிறேன். இப்போதெல்லாம் எல்லோரிடமும் சொல்கிறேன். பால்காரரிடம் பால் நன்றாக இருக்கிறது என்கிறேன், வெள்ளையடித்தவர்களிடம் சுவர் நன்றாக வந்திருக்கிறது என்கிறேன். மண்டிக்கு என்னை நம்பி இனிமேல் யாரும் தோல் வாங்க அனுப்ப மாட்டார்கள். டிக்கெட் என் சட்டைப் பையில் இருக்கிறது. பலகை மேல் வைக்காமல் நீ கையில் கொடுத்ததாகவே அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.